கொளஞ்சியின் ஐந்தாவது மாடு

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் சாயங்காலம், கிளிஞ்சமேட்டுக் கொளஞ்சியின் நாலு மாடுகளும் மேய்ச்சல் முடிந்து திரும்பியபோது ஐந்தாக வந்தன. ஐந்தாவது, வரிசையின் கடைசியில், மற்ற நாலையும் முந்த மனமில்லாதது போல மெதுவாக வந்தது. ஒரு மினி லாரி நீளம், கொளஞ்சியின் தோளுயரத்துக்கு இடுப்பு, சின்னத் தலை, நீண்ட கழுத்து, தரையில் படாமல் ஏந்திப் பிடித்த வால், சுண்ணாம்புச் சேறு காய்ந்து வெளுத்த தோல். கொளஞ்சி நாலு மாட்டையும் தறியில் கட்டிவிட்டு, ஐந்தாவதைக் கட்டக் கொம்பும் இல்லை மூக்கணாங்கயிறும் இல்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்து மனைவியிடம் சொன்னான்:

"செம்பாயி, யாரு வீட்டு உருப்படியோ ஒண்ணு கூடவே வந்துடுச்சு. தண்ணி வையி."

செம்பாயி கழுநீர்த் தொட்டியைத் தள்ளிவைத்தாள். அது தலையைத் தாழ்த்தி, ஒரே மூச்சில், தொட்டியின் அடி தெரியும்வரை குடித்தது.

கிளிஞ்சமேடு ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த ஊர். ஏர் ஓட்டினால் சிப்பி வரும், கிணறு வெட்டினால் நத்தைக்கல் வரும், மழை கழுவிய வரப்பில் சுறாமீனின் பல் பளபளத்துக் கிடக்கும், அதைப் பொறுக்கிப் பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். ஊருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று அந்த மழையில் விளிம்புவரை நிரம்பியிருந்தது. ஐந்தாவதின் கால்தடம், விரல்களை அகல விரித்த தடம், அந்தப் பள்ளத்தின் கரையில் தொடங்கியது. அதற்கு அப்பால் தடமே இல்லை. ஊரார் போய்ப் பார்த்தார்கள், தண்ணிக்குள்ளேயிருந்துதான் வந்திருக்கு என்றார்கள், திரும்பி வந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மாரியம்மன் கோயில் மைக்கில் மூன்று நாள், காலையும் மாலையும், அடையாளம் சொல்லி அழைத்துப் போகும்படி அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. நாலாம் நாளிலிருந்து அது கொளஞ்சியுடையது என்றாகிவிட்டது. செம்பாயி அதற்குப் பெரியவள் என்று பேர் வைத்தாள்.

பெரியவள் புல்லைத் தொடவில்லை, வைக்கோலை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. ஆனால் சீமைக்கருவேலத்தை முள்ளோடும் காயோடும் பட்டையோடும் தின்றது. எத்தனையோ வருஷமாக ஊரை மூடிக்கொண்டே வந்த மரம் அது; வெட்டினாலும் முளைக்கும், எரித்தாலும் முளைக்கும். பெரியவள் தின்ற இடத்தில் முளைக்கவில்லை. ஆகவே முதலில் மேலத்தெருக்காரர்கள் ஒரு நாளைக்குக் கேட்டார்கள், பிறகு கிழக்கே மாதா கோயில் தெருக்காரர்கள் கேட்டார்கள், பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் எங்கள் பிழைப்பு என்னாவது என்று சண்டைக்கு வந்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பெரியவளுக்கு, அந்தப் பக்கம் கரிக்கு என்று பேசி முடித்தார்கள். மாட்டுப் பொங்கலன்று, சாயம் பூசக் கொம்பு இல்லாததால் கால் நகங்களுக்குப் பூசினார்கள், கழுத்துக்கு ஏழு மாலை பிடித்தது. மாதா கோயில் சாமியார் தன் பங்குக்குத் தீர்த்தம் தெளித்தார். தை முடிவதற்குள் டீக்கடையில் பெரியவளைப் பற்றிய பேச்சு நின்று, இரண்டரை மணி பஸ் வராததைப் பற்றிய பழைய பேச்சே திரும்ப வந்துவிட்டது.

ஒன்று மட்டும் செம்பாயிக்கு உறுத்தலாக இருந்தது. பெரியவள் படுப்பதில்லை. வந்த நாள்முதல் ஒருதரம்கூடப் படுக்கவில்லை. நின்றபடியே கண்ணை மூடும், நின்றபடியே திறக்கும். உச்சி வெயிலில், தூரத்தில் பாரம் ஏற்றிய லாரி மேடேறுவது போல அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பும். அப்போது தெருவில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசி அதிரும்.

"அதுக்கு எங்கயோ வலிக்குது," என்றாள் செம்பாயி. "போயி டாக்டரம்மாவக் கூட்டிட்டு வா."

டாக்டர் அடைக்கலமேரிக்கு ஓய்வு பெறப் பதினாலு மாதம் இருந்தது. கால்நடை மருந்தகத்தில் இருபத்தொன்பது வருஷம். அந்த இருபத்தொன்பது வருஷமும் அவருடைய இடது கை ஏதாவது ஒரு பசுவுக்குள்ளேயே இருந்தது போலத்தான். சினை பார்க்க, ஊசி போட, நஞ்சுக்கொடி எடுக்க, தலை திரும்பிய கன்றைத் திருப்ப. இப்போது அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கித் தலை வார முடிவதில்லை. கணவர் போய் எட்டு வருஷம், மகள் ஓசூரில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். கொளஞ்சி வந்து விவரம் சொன்னபோது அடைக்கலமேரி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டரை எடுத்தார், போனார், பெரியவளை ஒரு சுற்று சுற்றிவந்தார், எல்லா மாட்டுக்கும் கேட்பதையே கேட்டார்.

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது டாக்டரம்மா."

"சாணி?"

"போடுது. நம்ம மாடு மாதிரி இல்ல, வெள்ளையும் கருப்புமா, கோழி எச்சம் மாதிரி."

"சரி. மொதல்ல காதுல கம்மல் போட்டுப் பதிவு பண்ணணும். பதியாம மருந்து எழுத முடியாது." மஞ்சள் வில்லையை எடுத்துக்கொண்டு தலைப்பக்கம் போனவர், காதைத் தேடினார். காதுமடல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் ஒரு ஓட்டைதான் இருந்தது. கைபேசியில் பதிவுப் பட்டியலைத் திறந்தார். பசு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றி. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இதர என்று ஒன்று இல்லவே இல்லை.

அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் வனத்துறைக்கு எழுதியது. தங்கள் அட்டவணையில் இப்படி ஒரு விலங்கு இல்லை என்று வனத்துறை எழுதியது. கனிமத்துறைக்கு எழுதினார்கள், கல்லாகியிருந்தால் எங்களுடையது, மூச்சு விடுவதால் இல்லை என்று பதில் வந்தது. இப்படி யாருக்கும் வேண்டாததாக இரண்டு மாதம் கோப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்த பெரியவள், ஒரு நாள் பத்திரிகையில் படம் வந்ததும் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. கடைசியில் அடைக்கலமேரிக்கே உத்தரவு வந்தது: நேரில் பரிசோதித்து, மேற்படி விலங்கு எந்த இனம் என்று சான்றளிக்கவும். காட்டு விலங்கு என்றால் சென்னைக்குக் கொண்டுபோய்க் கூண்டில் வைப்பார்கள். இறந்துபோனால் உடலை ஒப்படைக்க வேண்டும். வீட்டு விலங்கு என்றால் மட்டும் அது கொளஞ்சியின் பாடு.

உத்தரவு வந்த அதே வாரம் பேராசிரியர் தில்லைநாயகமும் வந்தார். அறுபது வயது, ஒல்லி, தோளில் துணிப்பை. கேமரா கொண்டுவரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, வழி கேட்டு, கொளஞ்சியின் வாசலில் வந்து நின்று, பெரியவள் ஒரு கிளையை மெல்வதை அதன் வாய்க்கு நேராக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கே கிடந்த உரல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பல்லு எனக்குத் தெரியும்," என்றார் அடைக்கலமேரியிடம். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால அந்தப் பள்ளத்துல விரல் நீளத்துக்கு ஒரு தாடை எடுத்தேன் மேடம். மூணு பல்லு. இலை மாதிரி, ஓரம் அரம் அரமா. தழை தின்கிற டைனோசர், இதுவரைக்கும் யாரும் பார்க்காத பேரினம்னு எழுதினேன். லத்தீன்ல பேரும் நான்தான் வச்சேன்."

"நல்லதுதானே சார்."

"எங்க? பேரு வச்சா போதாது, எந்தக் கிளைன்னு சொல்லணும். டைனோசர்ல ரெண்டு பெரிய கிளை. இடுப்புல முன்னெலும்பு பல்லிக்கு இருக்கிற மாதிரி முன்னால சாஞ்சிருந்தா ஒரு கிளை. பறவைக்கு இருக்கிற மாதிரி பின்னால சாஞ்சிருந்தா இன்னொண்ணு. நான் பல்லி இடுப்புன்னு சொன்னேன். நீளக் கழுத்துக்காரங்களோட மூதாதை வரிசையில வச்சேன். அஞ்சாம் வருஷம் ஒருத்தர், 'இல்ல, பறவை இடுப்பு'ன்னார். அதுக்கப்புறம் ஒருத்தர், இது டைனோசரே இல்ல, முதலைக்குச் சித்தப்பா முறைன்னு எழுதினார். நான் பதில் எழுதினேன். அவங்க பதில் எழுதினாங்க. மூணு பல்ல வச்சுக்கிட்டு இடுப்பப் பத்தி இருபது வருஷம் சண்டை. இப்ப எல்லாப் புத்தகத்துலயும் 'இடம் உறுதியாகாதவை'ங்கிற கடைசிப் பக்கத்துல கிடக்குது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இனிமே ஜெயிக்கணும்னுகூட இல்ல மேடம். எதுன்னு தெரிஞ்சாப் போதும், நிறுத்திக்கலாம்."

அடைக்கலமேரிக்கு அவர் சொன்ன கிளைகளில் பாதி புரியவில்லை. கடைசி வாக்கியம் நன்றாகப் புரிந்தது.

"இடுப்பெலும்புதானே," என்றார். "கைய விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

செம்பாயி முன்னால் நின்று பெரியவளின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் இரண்டு மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், துணைக்கு. அடைக்கலமேரி ஒரு கருங்கல்லைப் புரட்டிப் போட்டு அதன்மேல் ஏறி, தோள்வரை உறை மாட்டி, விளக்கெண்ணெய் தடவி, இடது கையை உள்ளே செலுத்தினார். எச்சத்துக்கும் முட்டைக்கும் ஒரே வாசல், கோழிக்கு உள்ளது போல. உள்ளே பசுவைவிடச் சூடு. கண்ணை மூடிக்கொண்டார். கை எங்கே போகவேண்டும் என்று யோசிக்கவில்லை. அது இருபத்தொன்பது வருஷமாகப் போன வழியில் போனது.

"பின்னெலும்பு கிடைக்குது சார். அதோட ஒட்டினாப்ல நீங்க சொன்ன முன்னெலும்பு, குச்சியா, நீளமா."

"எந்தப் பக்கம் சாயுது?"

"பின்பக்கம். வாலப் பாத்து."

தில்லைநாயகம் உரலிலிருந்து எழுந்தார். "முன்னால ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு சின்ன முளை இருக்கு. கட்டைவிரல் கனம். குச்சி பின்னாலதான் போகுது."

"பறவை இடுப்பு," என்றார் தில்லைநாயகம். அதையே இன்னொரு தரம், சத்தமில்லாமல் சொன்னார்.

"அப்ப இதுலேருந்துதான் கோழி குருவியெல்லாம் வந்துச்சா சார்?" என்று கொளஞ்சி கேட்டான்.

"இல்லப்பா. பறவையெல்லாம் பல்லி இடுப்புக் கிளையிலேருந்து வந்தது."

"பேர மாத்தி வச்சிட்டாங்களே."

"ஆமாம்," என்றார் தில்லைநாயகம். "அதுக்கு இடுப்பு என்ன பண்ணும்." இருபத்திரண்டு வருஷம் தான் பிடித்த பக்கம் தோற்றுப்போன மனிதர், பாரம் இறக்கிய மாட்டைப் போல மூச்சு விட்டார்.

அடைக்கலமேரி கையை எடுக்கவில்லை. அவர் முகம் மாறியிருந்தது.

"இன்னும் என்னமோ இருக்கு."

"எலும்பா?"

"எலும்பில்ல. உருண்டை. ஒண்ணு பின்னால ஒண்ணு. செம்பாயி, கெட்டியாப் புடிச்சுக்க. இது படுக்காததுக்கு இதான் காரணம்."

காலை பத்து மணிக்குத் தொடங்கியது. முதல் முட்டை வெளியே வரும்போது பகல் ஒன்றாகிவிட்டது. உரிக்காத தேங்காய் அளவு; கொளஞ்சி ஏந்திய சாக்கில் விழுந்தபோது அம்மிக்குழவி விழுந்த மாதிரி கை தாழ்ந்தது. தில்லைநாயகம் நகத்தால் தட்டிப் பார்த்தார். கல். உள்ளே, கரு வரைக்கும், கல் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அடைக்கலமேரி சட்டையெல்லாம் வேர்வையும் எண்ணெயுமாக மறுபடி கல்லில் ஏறினார். தோள் விண்விண் என்று தெறித்தது, விரல்கள் மரத்துப்போயின, வலது கையை மாற்றிப் பார்த்தார், அதற்குப் பழக்கமில்லை, மறுபடி இடது கையே போனது. ஊர் ஒவ்வொருவராக வந்து வேலியோரம் நின்றது. கரிமூட்டக்காரர்கள் வந்தார்கள், முகமெல்லாம் கரியோடு. இரண்டரை மணி பஸ் அன்றைக்கு வந்தது, யாரும் ஏறவில்லை. பெரியவள் கத்தவில்லை, ஒவ்வொரு தரமும் அடிவயிற்றிலிருந்து அந்த லாரிச் சத்தம் எழுந்தது, ஊர்ப் பாத்திரங்கள் அதிர்ந்தன, அடங்கின. இரண்டாவது வந்தது. வெயில் சாய்வதற்குள் மூன்றாவதும் வந்தது.

மூன்றாவது வந்ததும், பெரியவள் முன்காலை மடித்தது, பிறகு பின்காலை மடித்தது, பிறகு கழுத்தை நீட்டித் தரையில் வைத்தது. ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் படுத்தது. வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, அவரவர் நின்ற இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"எத்தினி நாளாடி சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச," என்றாள் செம்பாயி, அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு.

"ஏழு கோடி வருஷம்," என்றார் தில்லைநாயகம்.

செம்பாயி தலையாட்டினாள். "அதான்," என்றாள்.

தில்லைநாயகம் ஊருக்குப் போகவில்லை. கேட்டதற்கு, லீவு இருக்கிறது என்றார். மாதா கோயிலில் ஓர் அறை கொடுத்தார்கள். பகலெல்லாம் பெரியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருவேலங்கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தார். பெரியவள் படுத்தபடியே தின்றது. மெல்ல மெல்லத் தின்பது குறைந்தது. அடைக்கலமேரி தினமும் மருந்தகம் முடிந்து வந்து பார்த்தார். பசுவுக்குப் போடும் சத்து ஊசியைக் கொண்டுவந்தார், பிறகு வேண்டாம் என்று பையிலேயே வைத்துக்கொண்டார். நோய் எதுவும் இல்லை. கண் தெளிவாக இருந்தது. எட்டாம் நாள் வரும்போது, அவரும் அதன் விலாவில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அந்த விலா மூச்சுக்கு மூச்சு அவரை ஏற்றி இறக்கியது. அப்படியே தூங்கிப்போனார். செம்பாயி எழுப்பவில்லை.

ஒன்பதாம் நாள் முற்பகல் பெரியவள் இறந்தது. எந்த நிமிஷம் என்று பக்கத்திலேயே இருந்த தில்லைநாயகத்துக்கும் தெரியவில்லை.

சேதி எப்படியோ அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அடைக்கலமேரி ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் மேலதிகாரியின் அழைப்பு வந்தது. நாளைக் காலையில் வனத்துறை வண்டி வரும், உடம்பை எடுத்துக்கொள்வார்கள், காட்டு விலங்கு என்று சான்று எழுதித் தயாராக வைக்கவும் என்றார் அவர்.

கொளஞ்சி மண்வெட்டியோடு நின்றான். "டாக்டரம்மா, எங்க மாடு கன்னெல்லாம் பொதைச்ச எடம் அந்தப் புளியமரத்தாண்ட இருக்கு. எங்கப்பா காலத்து மாடு அங்க கிடக்கு. போன வருஷம் செத்த மயிலப் பசு அங்க கிடக்கு. இதையும் அங்க வைக்கணும். குடுக்க மாட்டேன்."

அடைக்கலமேரி சான்றுப் புத்தகத்தை ஸ்கூட்டர் சீட்டின்மேல் விரித்தார். இடது கை எழுதும் கை இல்லை, ஆனாலும் வலித்தது. இனம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. என் கைக்குத் தெரிந்தது வேறென்ன என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போனது, ஈன முடியாமல் தவித்த ஒரு உயிரைத் தொட்டது, அதை இறக்கி வைத்தது. எத்தனை தொழுவத்தில் எத்தனை முறை செய்த காரியம். கால்நடை என்று எழுதினார். பால்: பெண். உரிமையாளர்: கொளஞ்சி, த/பெ பூராசாமி, கிளிஞ்சமேடு. இறப்பின் காரணம் என்ற இடத்தில் அசதி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொளஞ்சியிடம் கொடுத்தார்.

மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அவரே முந்திக்கொண்டார். "சான்று குடுத்தாச்சு சார். கால்நடைதான்."

"மேடம், என்ன வெளையாடுறீங்களா? ரிட்டயர் ஆகப் போற நேரத்துல மெமோ வாங்கணுமா?"

"அனுப்புங்க சார். பதில் எழுதுறேன்." போனை அணைத்துப் பையில் போட்டார்.

குழி வெட்ட ஊரே வந்தது. கரிமூட்டக்காரர்கள்தான் நன்றாக வெட்டினார்கள், அவர்களுக்குக் குழி பழக்கம். பெரியவளை வைக்கோல்மேல் புரட்டி, வடம் கட்டி, இரண்டு தெருக்காரர்களும் இழுத்தார்கள். மூன்று முட்டையையும் செம்பாயி ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அதன் வயிற்றோரம் வைத்தாள். உப்பு கொட்டினார்கள், சுண்ணாம்பு கொட்டினார்கள்.

முதல் மண் விழுவதற்கு முன்னால் தில்லைநாயகம் கொளஞ்சியின் கையைப் பிடித்தார்.

"தம்பி. ஒரே ஒரு எலும்பு. இடுப்பு மட்டும். அது இருந்தா இந்தச் சண்டை எல்லாம் ஓய்ஞ்சிடும். உலகத்துல யாரும் மறுக்க முடியாது."

கொளஞ்சி கையை உதறவில்லை. கோபப்படவும் இல்லை. "சார், ஒம்போது நாளு நீங்கதான் தழை ஒடிச்சுக் குடுத்தீங்க," என்றான். "நீங்களே இறங்கி வெட்டுறதுன்னா வெட்டிக்குங்க. அருவா தரேன்."

தில்லைநாயகம் குழிக்குள் பார்த்தார். பெரியவளின் இடுப்பு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. ஊர் காத்திருந்தது. கடைசியில் அவர் கொளஞ்சியின் மற்றொரு கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, முதல் மண்ணைத் தள்ளினார். பிறகு நிறுத்தவில்லை. போதும் சார், நாங்க பாத்துக்கறோம் என்று மற்றவர்கள் சொன்ன பிறகும் தள்ளிக்கொண்டிருந்தார்.

நாய் தோண்டாமலிருக்க மேட்டின்மேல் முள் வெட்டிப் போட்டுவிட்டு ஊர் கலைந்தது. தில்லைநாயகம் புளியமரத்தடியில் உட்கார்ந்தார், அடைக்கலமேரி பக்கத்தில் உட்கார்ந்தார். இருவர் கையிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"எழுதுவீங்களா சார்? பறவை இடுப்புன்னு?"

"என்ன ஆதாரம் காட்ட? ஒரு டாக்டரம்மா கைய விட்டுப் பாத்துச் சொன்னாங்கன்னா எந்தப் பத்திரிகை போடும்? கடைசிப் பக்கத்துலயே கிடக்கட்டும்."

"வருத்தமா இருக்கா?"

தில்லைநாயகம் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "இடுப்பு, முதுகு எல்லாம் வலிக்குது," என்றார். பிறகு புது மேட்டையும், அதற்கு இந்தப் பக்கம் மண்ணுக்குள் கிடக்கும் மயிலைப் பசுவின் இடத்தையும், அந்தப் பக்கம் பூராசாமி காலத்து மாடுகள் கிடக்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து அடைக்கலமேரி திரும்பினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏழு கோடி வருஷம் கழிச்சு எவனாச்சும் வந்து இங்க தோண்டுவான் மேடம். முழுசா கிடைக்கும் அவனுக்கு, ஒரு எலும்பு குறையாம. ரெண்டு பக்கமும் பசு மாட்டோட. அதை எந்தக் கிளையில வைக்கிறதுன்னு அவனும் அவன் சேக்காளியும் அடிச்சுக்கட்டும்," என்று சொல்லி, கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் சுண்ணாம்பாக்கிக்கொண்டார்.